கப்டனின் குசினிச் சொல்

அந்த விளையாட்டரங்குக்குள் நான் முதல் தடவை காலடி வைத்த மாலையில், கதவு நிலையைத் தலையால் தொடக்கூடிய உயரமான ஓர் அமெரிக்கர் என்னைக் கடந்து ஓடியபடி "பின்னாலை!" என்று கத்தினார். கையில் ஐஸ் பைகளும் டேப் சுருள்களுமாக நின்ற நான் எனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அடுத்த நொடியே லித்துவேனியாக்காரர் ஒருவர் அதே சொல்லை இன்னும் பலமாகக் கத்தினார். சூரிச்சுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறிய நகரம், தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணி, அதில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளராக எனக்குப் புதிய வேலை. வீட்டிலும் சாமத்தியச் சடங்கு வீடுகளிலும் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழ் அங்கே காத்துக்கொண்டிருக்கும் என்று யார் கண்டார்கள்?

காத்துக்கொண்டிருந்தவர் கப்டன். பக்கத்து ஊரான ஊஸ்டரில் பிறந்து வளர்ந்த தமிழர், அணியில் எல்லோரிலும் குள்ளமானவர், பந்தை நகர்த்திப் போகும் ஆட்டக்காரர். பகலில் லிஃப்ட் திருத்தும் வேலை, மாலையில் கூடைப்பந்து. என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, "பயப்பிடாதை தங்கச்சி, எல்லாருக்கும் நான்தான் பழக்கினனான்" என்றார். பெருமையை மறைக்க அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

கூடைப்பந்தில் ஸ்கிரீன் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் பந்து வைத்திருப்பவரை மறித்துக்கொண்டு பின்பக்கமாக ஓடும்போது, எதிரணிக்காரர் ஒருவர் உங்களுக்குப் பின்னால் வந்து அசையாமல் நிற்பார். கண் பந்தில் இருப்பதால் அவரைக் காணமாட்டீர்கள். திறந்து கிடக்கும் அலுமாரிக் கதவில் மோதுவதுபோல் மோதி விழ வேண்டியதுதான். அதனால் கூட விளையாடுபவர்கள் கத்திச் சொல்லவேண்டும். ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ சொன்னால் இந்த நாட்டில் எதிரணிக்கும் விளங்கிவிடும். ஒரு போட்டியில் சூடு பிடித்த நேரம் கப்டனின் வாயிலிருந்து தன்னையறியாமல் வந்தது அவருடைய அம்மாவின் சொல். ஒற்றை ஆள் நிற்க மட்டும் இடமுள்ள குசினிக்குள் கொதிக்கும் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது அம்மா கத்துகிற சொல். மைதானத்தில் அணிக்காரர் எல்லோரும் சட்டென்று விலகினார்களாம். சொல் விளங்கித்தான் விலக வேண்டும் என்றில்லை, அந்தத் தொனியே போதும்.

அன்றிலிருந்து அது அணியின் சொல்லாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொருவரும் இங்கே முதலில் கற்பது வணக்கம் சொல்வதையல்ல, இதைத்தான். நான் சொன்ன அமெரிக்கர் அதைச் சுவிஸ் ஜெர்மன் என்றே நினைத்திருந்தார். கடையில் தள்ளுவண்டியோடு நின்று முன்னால் நின்றவர்களிடம் "பின்னாலை" என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். சுவிஸ்காரர் எவரும் அசையவில்லை. அரிசி மூட்டையோடு நின்ற தமிழ் அக்கா ஒருவர் மட்டும் சட்டென்று விலகி வழிவிட்டாராம். கப்டன் இந்தக் கதையைச் சொல்லாத பஸ் பயணம் இல்லை.

நான் சேர்ந்த ஆண்டின் முடிவிலேயே அந்தக் கூட்டம் கலைந்தது. அணி தோற்றுக்கொண்டே இருந்தது. மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு, பழையதை உடைத்து முழுவதும் புதிதாகக் கட்டப்போகிறோம், சில வருடம் அடி வாங்குவோம், பிறகு நிமிர்வோம் என்றார். லித்துவேனியாக்காரர் போனார். கடையில் வழி கேட்ட அமெரிக்கர் போனார். எனக்கு ஆட்டக்காரர்களின் முகத்தைவிடக் கணுக்கால்தான் கூடுதலாக ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு கோடையிலும் பழகிய கால்களெல்லாம் போய், புதிய கால்கள் வந்து என் மேசையில் நீண்டு கிடக்கும். எந்தக் கணுக்கால் எந்தப் பக்கம் பிசகும் என்று பிடிபடும் நேரத்தில் அதுவும் போய்விடும்.

கப்டனிடம் மேலாளர் வேறு கதை சொன்னார். வீட்டை இடித்தாலும் இந்த ஒரு தூணை விட்டுவைப்போம், உன்னைச் சுற்றித்தான் கட்டப்போகிறோம், நல்ல காலம் வரும்போது நீ எங்களோடு நிற்பாய் என்றார். பிரெஞ்சுப் பக்கத்து அணி ஒன்று அப்போது அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வென்றுகொண்டிருந்த அணி. அவர் போகவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இந்த அணி, இந்த அரங்கில், ஒரு தடவையாவது வெல்லும்போது தான் மைதானத்தில் நிற்கவேண்டும். அதற்காகத்தான் அந்தத் தோல்வி வருடங்கள் முழுவதையும் சுமந்தார். அரைவாசி காலியான அரங்கில், பெயரே சரியாகத் தெரியாத புதியவர்களோடு, பெரிய வித்தியாசத்தில் தோற்றுவிட்டு என் மேசையில் வந்து படுப்பார். "வரும் தங்கச்சி, வரும்" என்பார். நானும் நம்பினேன்.

வரவும் செய்தது. கட்டத் தொடங்கி மூன்றாவது பருவத்தின் கடைசி மாதங்களில் அணி வெல்லத் தொடங்கியது. இளம் பெடியன்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே பந்து கொடுக்கப் பழகிவிட்டார்கள். அரங்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் கிண்ணம் நிச்சயம் என்று பேச்சு அடிபட்டது. அந்தக் கோடையில்தான் மேலாளர் கப்டனை அழைத்து நன்றி சொல்லி விடைகொடுத்தார்.

பின்னேரம் அவர் என் அறைக்கு வந்தார். பயிற்சி இல்லாத நாள். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு மேசையில் ஏறி இருந்து, "வலது காலைக் கட்டிவிடு" என்றார். எப்போதும்போல் குதிக்காலைத் தாங்கிப் பிடித்து, டேப்பை இழுத்துச் சுற்றினேன். மெதுவாகத்தான் சுற்றினேன். சுற்றி முடிந்தால் அவர் எழும்பிவிடுவார் என்று பயமாக இருந்தது. "தூணையும் கழட்டியாச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு கட்டிய காலின் மேல் சப்பாத்தைப் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பந்து ஒன்றையும் தொடாமல் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார். அந்த டேப்பை வீட்டில் யார் வெட்டி எடுத்திருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

இலையுதிர்காலத்தில் முதல் போட்டிக்கு அவர் வந்தார். டிக்கெட் எடுத்து, பார்வையாளர் வரிசையில், கடைசிப் படிக்கட்டில் இருந்தார். வீரர்கள் உட்காரும் வாங்கிலிருந்து எனக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில், அவருடைய இடத்துக்கு வந்த புதிய பெடியன் எதிரியை மறித்து ஓட, இன்னொருவன் "பின்னாலை!" என்று கத்தினான். பெடியன் அழகாக விலகினான். மேலே கப்டன் திரும்பிப் பின்னால் பார்த்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்தான் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை முடிந்தபோது அந்தப் படிக்கட்டு காலியாக இருந்தது.

அந்த வருடம் நாங்கள் கிண்ணம் வென்றோம். கிண்ணத்தோடு எடுத்த படத்தில் நானும் நிற்கிறேன். பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை.

பிறகு வழக்கம்போல் வென்ற கூட்டமும் கலைந்தது. வேறு பயிற்சியாளர், வேறு மேலாளர், வேறு கால்கள். கப்டனோடு விளையாடிய ஒருவரும் மிஞ்சவில்லை. ஆனால் அந்தச் சொல் போகவில்லை. யார் யாருக்கோ வாய்மாறி, கப்டனின் அம்மாவின் அதே பதற்றத்தோடு, அரங்கின் எந்த மூலையிலிருந்தாவது எழும். சில நாள் அது அவருடைய குரலாகவே கேட்கும். நிமிர்ந்து பார்த்தால் செனகல் பெடியன் ஒருவன் நிற்பான்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் கப்டனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார். அணியைப் பற்றி அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இன்னும் அப்பிடித்தான் கத்தீனமோ?"

"ஓம் அண்ணை."

"நிப்பாட்டச் சொல்லு" என்றார். "அம்மாவும் இப்ப இல்லை. என்னை வேண்டாமெண்ட ஆக்களுக்கு அம்மான்ரை சொல் என்னத்துக்கு?"

அதில் நியாயம் இருந்தது. ஆனால் எப்படி நிறுத்துவது? ஆட்டத்தில் மூச்சு வாங்கும்போது வாய்க்குத் தானாக வருவதை நிறுத்த முடியுமா? பெடியன்கள் மறுப்பார்கள், பயிற்சியாளர் சிரிப்பார் என்றெல்லாம் எண்ணிப் பல வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒருநாள் பயிற்சியாளரிடம் போய், இது ஒருவருடைய வீட்டுச் சொல், அவர் திருப்பிக் கேட்கிறார் என்றேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நல்லதாய்ப் போச்சு" என்றார். அணியை மறுபடியும் புதிதாகக் கட்டுகிறோம், சைகைகளையும் மாற்ற இருந்தேன் என்றார். அடுத்த பயிற்சியிலிருந்து அந்தச் சொல்லுக்குப் பதில் இரண்டு கைத்தட்டு. முதல் நாள் ஓரிருவர் தடுமாறினார்கள். அந்த வாரம் முடியும்போது ஒருவர் வாயிலும் அது இல்லை. எவருமே ஏன் என்று கேட்கவில்லை.

கப்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். லிஃப்ட் குழிக்குள் நின்றார். குரல் ஆழத்திலிருந்து முழங்கி வந்தது.

"நிப்பாட்டியாச்சு அண்ணை."

"எப்ப சொன்னனீ?"

"போன கிழமை."

சங்கிலி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அவ்வளவு கெதியா, ஒரு கிழமைக்குள்ளை விட்டிட்டினமோ?" என்றார்.

கேட்டவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்த என் மடத்தனத்தை என்ன சொல்ல. "இல்லை அண்ணை, லேசிலை விடேல்லை" என்றேன். "பெடியள் மாட்டம் எண்டு சண்டை. கோச் கத்தித்தான் நிப்பாட்டினவர்."

"ஆர் மாட்டன் எண்டு நிண்டது?"

வாய்க்கு வந்த பெயரைச் சொன்னேன். அன்று காலையில்தான் அவனுடைய கணுக்காலை முதல் தடவை கட்டியிருந்தேன். அணிக்கு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்தச் சொல்லை அவன் கேட்டதே இல்லை.

"நல்ல பெடியனோ?" என்று கேட்டார் கப்டன்.

"ஓம் அண்ணை" என்றேன். "நல்ல பெடியன்."