வெர்னாவின் முன்கதவு

ஒஹாயோவில் எங்கள் தெருவில் சிட்டுக்குருவியைக் கண்டால் பல்லைக் கடிக்கும் ஆள் வெர்னா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பேருந்து நிற்கும் கொட்டகையின் வேலி நெடுக நீலக்குருவிகளுக்குக் கூட்டுப்பெட்டிகள் மாட்டி வைத்திருக்கிறார். போன வசந்தத்தில் ஒரு பெட்டிக்குள் சிட்டுக்குருவி புகுந்து தாய்ப்பறவையைக் கொத்திக் கொன்றுவிட்டது. அதிலிருந்து சிட்டுக்குருவிக் கூடு எங்கே தென்பட்டாலும் பிய்த்து எறிந்துவிடுவார்.

இந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பார்த்தால், அவர் வீட்டு முன்கதவில் தொங்கும் துணிப்பூ வளையத்திலேயே கூடு. பழுப்புக் குருவி ஒன்று அதற்குள் வந்து போனது. கோபத்தில் வெர்னா அதை இரண்டாம் முறை பார்க்கவே இல்லை. மறுநாள் மகள் ஜோலீன் வருகிறாள். மூன்று வருடத்துக்கு முன் சண்டை போட்டு, அந்தக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவள்.

கையுறையும் குப்பைப் பையுமாக வெர்னா வெளியே வந்தார். எதிர்வீட்டிலிருந்து என் அம்மா ரூத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பிடி குருவிக்குப் போலீஸ் மாதிரி கிளம்பிட்டியே!"

"சும்மா இருடி. நாளைக்கு என் பொண்ணு இந்த வழியாத்தான் உள்ளே வரணும்."

கூட்டை நோக்கிக் கையை நீட்டும்போது தெரு மின்கம்பியிலிருந்து ஒரு பாட்டு. உருண்டு புரண்டு நீளமாகப் போய், கடைசியில் கரகரவென்று மேலேறி முடிந்தது. வெர்னாவின் கை நின்றது. சிட்டுக்குருவி கீச்சிடும், இப்படிப் பாடாது. பாடியதன் தலையும் மார்பும் ராஸ்பெரிச் சாறு கொட்டியதுபோல் சிவப்பு. கூட்டிலிருந்து பறந்த பெட்டையின் மார்பில் மங்கலான கோடுகள். சிட்டுக்குருவிப் பெட்டைக்கு அந்தக் கோடு கிடையாது. உள்ளே இளநீல முட்டைகள்.

"ரூத்தி, இது சிட்டு இல்ல. ஃபிஞ்ச்! யாரையும் கொத்திக் கொல்லாத பாட்டுக்குருவி."

"அப்போ ஜோலீன் எந்த வழியா வருவா?"

வெர்னா கையுறையைக் கழற்றிக்கொண்டே கதவை விட்டுப் பின்வாங்கினார். கதவு ஆடினால் தாய் முட்டையை விட்டுப் போய்விடலாம்.

ஞாயிறு மதியம் கார் வந்தபோது வெர்னா தெருவிலேயே நின்றிருந்தார்.

"முன்கதவு வேண்டாம்மா. பின்பக்கமா வா."

ஜோலீன் முகம் இறுகியது. "உள்ளே விட மனசில்லைன்னா போன்லயே சொல்லியிருக்கலாம்ல?"

வெர்னா அவள் கையைப் பிடித்து இழுத்து, தூரத்திலிருந்து கூட்டைக் காட்டினார். கம்பியில் சிவப்புக்காரன் பாடினான். ஜோலீன் முழுப் பாட்டையும் கேட்டாள்.

"நான் அறைஞ்ச கதவுக்கு இப்போ காவலா?"

"குஞ்சு பறக்க ஒரு மாசம் ஆகும்."

ஜோலீன் கார் டிக்கியைத் திறந்து, ஒரு நாளுக்கான பையோடு பெரிய துணிப்பெட்டியையும் இறக்கினாள்.

"பின்வாசல்ல இன்னும் ஷூவைக் கழட்டணுமா?"

"கழட்டணும்."