இரண்டு கிலோமீட்டர்

மலைப் பூங்காவின் வழிகாட்டிப் பலகைகள் எல்லாம் பெயின்டரின் கைவண்ணம்தான். பதினெட்டு வருஷமாக வாசல் கொட்டகையில் உட்கார்ந்தபடியே எழுதித் தள்ளியவர், காட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. "மரத்தைப் போய் என்னத்தப் பாக்கறது?" என்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி விடவில்லை. ஏரிக்குக் கிளம்பினார்கள். முதல் பலகை 'ஏரி 2 கி.மீ.' என்றது. ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஏறினால் அடுத்த பலகையும் 'ஏரி 2 கி.மீ.' என்றது.

பெயின்டர் திருதிருவென்று முழித்தார். "நாலுக்கான அச்சுத் தகடு அன்னைக்கு உடைஞ்சு போச்சு. யாரு அளக்கப் போறாங்கன்னு ரெண்டுலயும் ரெண்டையே அடிச்சுட்டேன்."

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒருவழியாக ஏரி வந்தது. பச்சைத் தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. கால்களை நனைத்தபடி, "இதுக்கு எட்டு கிலோமீட்டர்கூட நடக்கலாம்டி" என்றார் பெயின்டர்.

பின்னாலேயே வியர்த்து விறுவிறுத்து ஒரு தடித்த ஆள் வந்து சேர்ந்தார். "அந்த போர்டு எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." என்று பல்லைக் கடித்தார்.

"கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்று மனைவி கணவரை இடித்தாள். "அண்ணன் உங்களைத்தான் தேடிட்டு வந்திருக்காரு."