இடது கையால் வரைந்த மலை

போடியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர் பேச்சிமுத்து. 1976இல், மலைமேல் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போர்டு எழுதிவிட்டு இறங்கும்போது ஜீப்பு கவிழ்ந்து அவருடைய வலது மணிக்கட்டு நொறுங்கியது. எலும்பு கூடியதே தவிர, விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் பிரஷ்ஷைப் பிடித்தால் கோடு நடுங்கியது. கோணல் எழுத்தை எந்தக் கடைக்காரர் ஏற்பார்? மனைவி ஜக்கம்மாள் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினாள்.

மறு வருடம், போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த உறவுக்காரர் கன்னையன் தேடி வந்தார்.

"மாப்ளே, படம் பிடிக்கப் பின்னால தொங்கவிட ஒரு சீனரி வேணும். எழுத்துத்தான் நேரா இருக்கணும். மலை கோணலாத்தானே இருக்கு!"

பேச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் துணியைக் கட்டி, பொடிச் சாயத்தைப் பசையில் குழைத்தார். மெல்லிய பிரஷ்ஷால் மலை விளிம்பை இழுத்தார். நடுங்கியது. அழித்துவிட்டு இழுத்தார், அப்போதும் நடுங்கியது. ஆத்திரத்தில் அந்த பிரஷ்ஷை எறிந்துவிட்டு, சுவருக்கு வெள்ளையடிக்கும் பட்டை பிரஷ்ஷை எடுத்தார். அதை விரலால் அல்ல, தோளிலிருந்து முழுக் கையாக வீச வேண்டியிருந்தது. வீசினார். கை நடுங்கவில்லை.

உச்சிக்குக் கருநீலம். கீழே ஏலக்காட்டு நிழல்மரங்களுக்குத் திட்டுத்திட்டாக அடர்பச்சை. அடிவாரத்தில் கொஞ்சம் செம்மண். ஈரம் காயுமுன் சாம்பல் கலந்த வெள்ளையைத் தொட்டும் தொடாமலும் குறுக்கே இழுத்தார். பிரஷ்ஷின் மயிர் பிரிந்து விழுந்த கீற்றுகளுக்கு இடையே பச்சை எட்டிப் பார்த்தது. மேகம் மலைமேல் இறங்கிப் படுத்துக்கொண்டது.

வேலை விட்டு வந்த ஜக்கம்மாள் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். "என்னங்க, வெறுமனே அப்பி வச்சிருக்கீக?"

வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். "மழைக்கு முந்தி மேக்க இப்பிடித்தான் மூடும்" என்றாள்.

கன்னையனுக்குத் திருப்தியில்லை. "கல்யாணச் சோடி நிக்கிற எடம். உம்முனு இருக்கே. ரெண்டு அன்னத்தையாவது விடுங்க மாப்ளே."

"நம்ம மலையில ஏது அன்னம்?" என்று மறுத்துவிட்டார் பேச்சிமுத்து.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறமெல்லாம் போய்விட்டது; மேகம் மட்டும் நிஜ மேகமாகவே விழுந்தது. சித்திரையில் ஊருக்கு இறங்கிய எஸ்டேட் சனங்கள் அந்தத் திரைக்கு முன்னால்தான் நிற்போம் என்றார்கள். "நாங்க கெடக்குற காடு அப்பிடியே இருக்கு" என்றாள் ஒருத்தி. பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்த ஸ்டுடியோவும் ஒன்று கேட்டு ஆள் அனுப்பியது.

எண்பதுகளில் கலர் படம் வந்தபோது வானத்தை நீலமாக்கச் சொன்னார்கள். ஆக்கிக் கொடுத்தார். இடது கை பழகி, எழுத்தும் ஓரளவு நேராக வந்தது. இருந்தும் போர்டு எழுதக் கேட்டு வந்தவர்களை, "தெரைச் சோலி கெடக்குண்ணே" என்று அனுப்பிவிடுவார்.