அம்மணியின் காலும் ஒரு ஜெர்மன் வண்டியும்

ஓட்டை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் ராமனுக்கு இருப்புக் கொள்ளாது. பழவேற்காட்டில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் ஒரு பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தவன் அவன். கல்லில் மோதிக் கிழிந்து வரும் படகைக் கவிழ்த்துப் போட்டு, பைபர் துணியை அளவாக வெட்டி, பிசின் தடவி, அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கி அனுப்புவான். அவன் ஒட்டிய இடத்தில் மறுபடி தண்ணீர் கசிந்தது என்று ஒருத்தரும் வந்து நின்றதில்லை. அவன் ஒட்டை நம்பித்தான் ஆட்கள் கடலுக்குப் போனார்கள். தேய்க்கும்போது பறந்த தூளுக்கு மட்டும் போக வேறு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அவன் நெஞ்சிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை, வேகமாக நாலடி வைத்தால் மூச்சு முட்டியது. இனிமேல் அந்தத் தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறை வேலை அதோடு போயிற்று.

அவன் வீடு தோணிரேவு ஊருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி, வேலிக்காத்தான் மண்டிய இடத்தில் இருந்தது. அவன் இனத்து ஆட்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் துழாவி வெறுங்கையாலேயே இறால் பிடிக்கிறவர்கள். அவன் மனைவி அம்மணியும் அப்படித்தான். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து இரண்டு கையாலும் துழாவுவாள். ராமன் வீட்டோடு உட்கார்ந்த பிறகு அடுப்பு எரிந்ததெல்லாம் அவள் துழாவியதில்தான். ஒரே பெண் ஜமுனா கல்யாணமாகிச் சுண்ணாம்புக்குளம் பக்கம் போய்விட்டாள். அவள் பாடே அவளுக்குப் பெரும்பாடு.

அந்த அம்மணியின் உள்ளங்காலில் ஒருநாள் கெளுத்தி முள் ஏறியது. ஏரியில் இறங்குகிறவர்களுக்கு இதெல்லாம் கொசுக்கடி மாதிரி. மஞ்சளைச் சுட்டு வைத்தாள், மறுநாளே இறங்கிவிட்டாள். புண் ஆறவில்லை. பெருவிரலுக்குக் கீழே சதை வெளுத்து, பள்ளமாகி, நாற ஆரம்பித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சர்க்கரை இருக்கிறது என்பதே அங்கேதான் தெரிந்தது. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள்: புண் மூடுகிறவரை இந்தக் கால் ஏரித் தண்ணீரில் படக் கூடாது, பட்டால் முதலில் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அப்புறம் பாதத்தை. அம்மணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் பானையைத் திறந்து பார்த்துவிட்டுப் பறியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கட்டியவள் புண்ணோடு தண்ணீருக்குப் போக, தான் வீட்டில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்ததைத் தின்கிறோமே என்று ராமனுக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப்போகலாமா என்றுகூட நினைத்தான். அதற்கும் செலவு அவள் தலையில்தான் விழும் என்று அந்த யோசனையைக் கைவிட்டான்.

அப்போதுதான் அந்த வண்டி நினைவுக்கு வந்தது. பட்டறை முதலாளியின் கொட்டகை மூலையில் ஒரு பழைய போலோ கார் தூசி மூடிக் கிடந்தது. ஜெர்மன் கம்பெனி வண்டி, டீசல். பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற சின்ன வண்டி. மழை வெள்ளத்தில் ஒருதரம் நின்றுபோனதை யாரிடமோ வாங்கி வந்து, பார்க்க நேரமில்லாமல் போட்டுவிட்டார் முதலாளி. ராமன் போய்க் கேட்டான். இடம் காலியானால் போதும் என்று அவர் கொடுத்துவிட்டார். பட்டறை டெம்போ ஓட்டிப் பழகிய கை ராமனுடையது. வண்டி ஓடினால் வாடகைக்கு ஓட்டலாம், அம்மணி கரையேறலாம். அவனுக்கு வேறு கணக்குத் தெரியவில்லை, வேறு கணக்கு இருக்கவும் இல்லை.

டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வீட்டுப் பக்கத்தில் நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டினான். இன்ஜின் பார்க்கப் பொன்னேரியிலிருந்து தினகரன் என்ற மெக்கானிக் வந்தான். நல்ல பையன், பழைய பழக்கத்துக்காக வந்து டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெல்ட்டை மாற்றி, ஓட வைத்துவிட்டுப் போனான். புகை கக்கிக்கொண்டு அது உறுமியபோது அம்மணி வெளியே வந்து பார்த்தாள். கரையில் வைத்துவிட்ட படகு இன்ஜின் போலச் சத்தம் போடுகிறது என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

மிச்ச வேலை முழுவதையும் ராமனே செய்தான். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தான். அப்போது கண்ணில் பட்டன அந்த ஓட்டைகள். தரைத் தகட்டில் வட்டமாகச் சில, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில் நீளவாக்கில் சில, ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் கீறல் மாதிரி சில. முன்கண்ணாடிக்குக் கீழே, இன்ஜினுக்குப் பின்னால் இருந்த பள்ளத்திலும் இரண்டு. ராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்காலத்தில் இந்த ரோட்டில் ஏரி ஏறி முழங்கால் தண்ணீர் நிற்கும். அடியில் இத்தனை ஓட்டையை வைத்துக்கொண்டு ஒரு வண்டி எப்படிப் பிழைக்கும்? வெள்ளத்தில் இது நின்றுபோனதற்குக் காரணம் பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தான். ஜெர்மன்காரன் ரோட்டைக் கண்டான், தண்ணீரை எங்கே கண்டான் என்று அம்மணியிடம் பெருமையாகச் சொன்னான்.

பாவி, ஒன்று விடாமல் அடைத்தான். பட்டறையில் வெட்டி மிஞ்சிய பைபர் துணியை வாங்கி வந்து, பிசின் கலந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று அடுக்கு ஒட்டினான். அவன் வாழ்நாளில் செய்த வேலையிலேயே சுத்தமான வேலை அது. பிறகு பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே படகுத் தளம் மாதிரி பைபரில் தரை போட்டு, மீன்கூடை வழுக்காமல் இருக்க ஓரங்களில் தடுப்பும் வைத்தான். ஓட்டிப் பார்க்கத் தேங்கிய தண்ணீரில் இறக்கினான். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

மீன் விற்கும் வசந்தா முதலில் வந்தாள். பழவேற்காட்டிலிருந்து காட்டூர் வழியாகத் தெருத் தெருவாக விற்றுக்கொண்டு போகிறவள். கூடையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்துகிற பஸ்ஸில் இடிபட்டுச் சலித்தவள், இந்த வண்டியைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்தாள். ஐஸ் உருகி வழிந்தாலும் இங்கே முகம் சுளிக்க ஆள் இல்லை. தினமும் வண்டி போயிற்று. சாயங்காலம் திரும்பியதும் ராமன் படகைக் கழுவுகிற மாதிரியே வாளி வாளியாக மொண்டு ஊற்றி உள்ளே கழுவினான். நல்ல தண்ணீருக்கு அந்தக் கரையில் எங்கே போவது? அடிபம்பில் வருவதே உப்புத் தண்ணீர்தான்.

அம்மணி ஏரிக்குப் போவதை நிறுத்தினாள். பறி சுவரில் தொங்கியது. வீட்டு வேலை செய்தாள், வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டாள், புண்ணைக் கழுவிக் காய வைத்தாள். புண்ணின் பள்ளம் மேடேறி, ஓரங்களில் இளஞ்சிவப்பாகத் தோல் வந்தது. எட்டணா அகலம் இருந்தது புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கியது. இன்னும் கொஞ்சநாள் இப்படியே இருந்தால் மூடிவிடும் என்று டாக்டரம்மாவே சொன்னாள். ராமன் தினமும் அவள் காலை மடியில் வைத்துப் பார்ப்பான். தன் ஒட்டு காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற அதே பார்வை.

மழை தொடங்கியபோது வண்டி கோளாறு செய்ய ஆரம்பித்தது. நிறுத்தி வைத்த வண்டியில் விளக்கு தானாக எரிந்து அணைந்தது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன, திறந்துகொண்டன. நடுரோட்டில் கண்ணாடித் துடைப்பான் மழையில்லாமல் ஆடியது. காத்துக் கறுப்பு ஏதோ ஏறியிருக்கிறது என்று வசந்தா எலுமிச்சம்பழம் வைத்தாள். திரும்பும்போதெல்லாம் வண்டிக்குள் எங்கோ சளக் சளக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஐஸ் தண்ணீர் கூடையில் ஆடுகிறது என்று ராமன் நினைத்துக்கொண்டான். கூடை இறங்கிய பிறகும் அது கேட்டது. அதை அவன் நினைத்துப் பார்க்கப் பயந்தான்.

ஒருநாள் பொன்னேரி மார்க்கெட் வாசலில் வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. தினகரன் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அடியில் பார்க்கலாம் என்று கதவுக்குக் கீழே ஜாக்கியை வைத்துத் தூக்கினான் தினகரன். வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே ஏறியது. அந்த வழியாகத் துருக் கலந்த செந்தண்ணீர் மீன் நாற்றத்தோடு கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டினால் அதற்குள்ளும் தண்ணீர். ராமன் போட்ட தரையைப் பெயர்த்தால் அடியில் குளம் கட்டி நின்றது. வயரிங் கிட் முழுக்க அதில் ஊறிப் பச்சை பூத்திருந்தது.

தினகரன் குனிந்து பைபர் ஒட்டைத் தடவிப் பார்த்தான்.

“இத்த யாருண்ணே அடைச்சது?”

ராமன் நின்றுகொண்டிருந்தான். விரலால் தன்னையே காட்டினான்.

“காருக்குள்ள தண்ணி வரத்தான் வரும்ணே, கண்ணாடி வழியா, கதவு வழியா. வந்தது வெளிய போறதுக்குத்தான் கம்பெனிக்காரன் கீழ ஓட்ட வுட்டுக்கீறான். நீ சும்மா வுட்டுருந்தாலே போதும்.”

தினகரன் அதைக் கடுப்பில் சொல்லவில்லை. அதனால்தான் அது ராமனை அதிகமாகச் சுட்டது. சரிசெய்ய முடியுமா என்று கேட்டான். அடித்தகடு மொத்தமும் மாவாகிவிட்டது, இதில் ஆளை ஏற்றி ஓட்டினால் ஒருநாள் பள்ளத்தில் இறங்கும்போது இரண்டாக மடியும் என்றான் தினகரன். இன்ஜினை மட்டும் யாராவது எடுத்துக்கொள்வார்கள். ராமன் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தான். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். சோம்பேறி செய்திருந்தால் அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அவன் அக்கறையாகச் செய்தான், தனக்குத் தெரிந்த ஒரே வேலையை உயிரைக் கொடுத்துச் செய்தான், அதனால் போயிற்று. யாரையாவது திட்டலாம் என்றால் திட்டுவதற்கும் ஆள் இல்லை.

வண்டியில் வயர் போய்விட்டது என்று மட்டும் வீட்டில் சொன்னான். எப்போது வண்டி வரும் என்று அம்மணி இரண்டு தரம் கேட்டாள். அவன் முகத்தைப் பார்த்தபின் மூன்றாம் தரம் கேட்கவில்லை. வசந்தா வேறு ஆட்டோ பிடித்துக்கொண்டாள். இருந்த அரிசியில் கஞ்சி வைத்து நாளை ஓட்டினார்கள்.

ஒரு விடியற்காலை அம்மணி சுவரிலிருந்து பறியை எடுத்து உதறினாள். உரச் சாக்குக்குள் வருமே, கெட்டியான பிளாஸ்டிக் பை, அதில் ஒன்றையும் ஒரு சுருள் ஒட்டு டேப்பையும் கொண்டுவந்து ராமன் முன்னால் போட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் காலை அவன் மடியில் நீட்டினாள்.

“நீதான் நல்லா ஒட்டுவியே. இறுக்கிச் சுத்து. தண்ணி பூரக் கூடாது.”

புண்ணில் ஒரு புளியங்கொட்டை அளவுதான் மூடாமல் இருந்தது. ராமன் காலைப் பைக்குள் விட்டான், கணுக்காலுக்கு மேலே டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினான். அதற்குமேல் அவன் கை ஓடவில்லை. கழுத்தளவு தண்ணீரில் குந்தி நகர்கிறவளுக்குப் பையின் மேல்வாய் வழியாகத் தண்ணீர் இறங்கத்தான் இறங்கும். இறங்கினது இறங்கினபடி உள்ளேயே நிற்கும். நின்றால் என்ன ஆகும் என்பதை அவன் பொன்னேரியில் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“மேலால பூந்துடும்மே,” என்றான். “பூந்தா வெளிய போவாது. உள்ளயே நின்னா புண்ணு அழுவிப்பூடும்.” பிறகு அடக்க முடியாமல் சொல்லிவிட்டான். “வண்டி தானாக் கெடல. அது தண்ணிய வுடுற ஓட்டைய நாந்தான் அடைச்சேன். நாந்தான் கெடுத்தேன்.”

சொல்லும்போதே அழுதான். அம்மணி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால், காலால் ஒரு உதை விட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“தண்ணி பூரக் கூடாதுன்னா நான் ஏரில எறங்கக் கூடாது,” என்றாள். “எறங்காம இருக்க முடியுமா? நீயே சொல்லு.”

ராமன் டேப்பை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினான். நுனியைப் பல்லால் கடித்து அறுத்து, ஓரம் பிரியாமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக் கொடுத்தான்.