சாப்பிட்டீங்களா, சிஸ்டர்?

படிப்பை முடித்த நாள்முதல் சந்திரலேகா தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்பந்த நர்ஸ். ஒப்பந்தம் நீள ஹெட் நர்ஸ் ராஜாத்தி மனம் வைக்க வேண்டும். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் பலர் லீவில் போய்விட, இவளுக்கு இரட்டை டூட்டி.

நர்சுகளின் வேலைச்சுமையை ஆராய வந்த அபிநயா, ராஜாத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள். "சாப்பிட்டீங்களா, சிஸ்டர்?"

"ஆச்சுங்க." யார் கேட்டாலும் வாயில் வருகிற பதில்.

வார்டுக் கட்டிலில் இருந்த நோயாளி துரைராசு சிரித்தார். "எங்க ஆச்சு? டீயைக்கூட ஆறவிட்டுட்டுல்ல ஓடுது இந்தப் பொண்ணு!"

ராஜாத்தியின் முகம் இறுகியது. துரைராசுவுக்குப் போட எடுத்த இன்சுலின் ஊசியைச் சந்திரலேகா கீழே இறக்கினாள்.

"சாப்பிடலங்க," என்றாள். ஊசியை ராஜாத்தியிடம் நீட்டினாள். "நீங்க போடுங்க மேடம். எனக்குக் கண்ணு இருட்டுது."

ராஜாத்தி வாங்கிக்கொண்டாள்.