தச்சுப்பட்டறைக்குப் போய் வந்த கதவு

என் வீட்டு வாசற்கதவில் நான்கு பசைத் தடங்கள் இருக்கின்றன. எத்தனை முறை எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. அந்தப் பசையைத் தடவிய நாளில் பினாங்கில் ஒரு துணிக்கடை முதலாளியிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டு, பந்தலைவிடப் பெரிதாகத் தன் பெயரை எழுதி மாட்டும் மனிதர் அவர். ஊர் அவரைத் தர்மவான் என்றது. அவர் மோரைக் குடித்த வாய் வேறென்ன சொல்லும்?

எங்கள் கடைக்குப் பால் ஊற்றிய அக்காவின் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் செத்தவர். அவர் விட்டுப்போன வீட்டில்தான் அக்கா இரண்டு பிள்ளைகளோடும் மாடுகளோடும் இருந்தார். வரி பாக்கி என்று இங்கிலீஷில் கடிதங்கள் வந்தபோது, படித்துச் சொல்லும்படி முதலாளியிடமே கொண்டுவந்தார். "ஒண்ணுமில்லம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார் அந்த உத்தமர். வீடு ஏலத்துக்கு வந்ததும் சத்தமில்லாமல் தானே எடுத்தார்.

ஆனால் ஏலத்தில் எடுத்ததோடு வீடு சொந்தமாகிவிடாது. அதன் கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். கெடுவுக்குள் உரியவர் பாக்கியைக் கட்டினால் வீட்டை மீட்டுக்கொள்ளலாம்; யாரும் வராவிட்டால்தான் கிராண்ட் என்னும் வீட்டுப் பத்திரம் கைமாறும். நோட்டீஸைக் கண்டால் அக்கம்பக்கத்தார் யாராவது படித்துச் சொல்லிவிடுவார்களே! முதலாளி ஒரு தச்சரை அனுப்பினார். "கதவு மழையில உப்பிப்போச்சுக்கா, இழைச்சுத் தர்றேன். முதலாளி காசு வாங்க வேணாம்னுட்டாருலா" என்று தச்சர் அதைக் கழற்றிக்கொண்டு வந்தார். பட்டறையில் சாய்த்துவைத்த கதவில் நான் நோட்டீஸை ஒட்டினேன். அந்த வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டதைக் கண்ணால் கண்டேன் என்று கையெழுத்தும் போட்டேன். பிறகு கிழித்தெறிந்தேன். கதவு சாயங்காலமே திரும்பிப் போனது. மறுநாள் அக்கா நன்றியோடு ஒரு சொம்பு பால் கூடுதலாக ஊற்றினார். முதலாளி வெட்கமில்லாமல் அதையும் குடித்தார்.

கெடு முடிந்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கோர்ட் அமீனா வந்தபோது அக்கா கடைக்கு ஓடிவந்தார். "ஒன் கதவுலதானேம்மா நோட்டீஸ் ஒட்டுனாங்க" என்றார் முதலாளி, முகம் மாறாமல். அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

அக்கா கடைப் படியிறங்கிப் போனார். பிள்ளைகளோடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு தீவை விட்டு அக்கரைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முதலாளி வீட்டை இடித்துக் கடைகள் கட்டினார். நான் செய்த உதவிக்கு அந்தக் கதவைக் கொடுத்தார். அவரை அற்பன் என்று நினைத்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டேன். வண்டி பிடித்து வீட்டுக்கும் கொண்டுவந்தேன். என்னை என்னவென்று சொல்வது?

மழைக்காலத்தில் அது இன்றும் உப்பிக்கொள்கிறது. தச்சரைக் கூப்பிடச் சொல்லி என் மனைவி சலித்துக்கொள்கிறாள். கதவைக் கழற்ற நான் யாரையும் விடுவதில்லை.