ஊர்வலத்தில் இல்லாத ஒருவர்

அந்தப் படச்சுருள் இன்று ஒரு காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதில் கோயமுத்தூர் மறியல் ஊர்வலம் ஓரிடத்தில் சட்டென்று தாவும். அங்கே வெட்டியது நான்தான்.

1930களில் நான் சினிமாக் கொட்டகை ஆபரேட்டர். ஊர்வலத்தில் போனவர்களை அடையாளம் காண, ஒருநாள் மதியம் எங்கள் கொட்டகையில் இருந்த அந்தப் படத்தைக் கைப்பற்றப் போலீஸ் வருவதாக இருந்தது. அதற்குள் சிங்காநல்லூர் மில்லிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருந்தது. பேசும்போதே வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு அதுல இருக்கறாருங்க. மூஞ்சியப் பாத்தா புடிச்சுட்டுப் போயிருவாங்க. அவர மட்டும் எடுத்துப்போடுங்க."

சுருளை வெளிச்சத்தில் பிடித்தேன். கொடியோடு முன்னால் நடந்தவரை விரலால் காட்டினார். அந்த இடத்தை வெட்டி, மிச்சத்தை ஒட்டினேன். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"இத அடுப்புல போட்டுருங்க அம்மணி" என்று துண்டை நீட்டினேன்.

"எப்படிங்க போடறது? அவரு படம் எங்கிட்ட வேற ஏதுங்க?"

அதை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே வந்த போலீஸ்காரருக்கு ஒதுங்கி வழிவிட்டு, நிதானமாக வெளியே நடந்தார். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. அந்தத் துண்டை எங்கே, எத்தனை காலம் ஒளித்து வைத்திருந்தாரோ!